நகரப் போக்குவரத்தும் அதன் மூலதனமும்



நகரத்தில் வாழும் மனிதனுக்குக் குடிநீரும் விளக்கும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமாகிவிட்ட பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம், வண்டி நேரத்துக்கு வருகிறதா, உட்கார இடம் கிடைக்கிறதா, கட்டணம் ஏறப்போகிறதா என்ற அளவில் நம் விசாரணை நின்றுவிடுகிறது. அந்த வண்டியை வாங்கியது யாருடைய பணம், தண்டவாளம் போடுவதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது யார், கணக்கில் துண்டு விழுந்தால் அதை நிரப்புவது யார், லாபம் என்று ஒன்று உண்டானால் அது எந்தக் கையில் போய்ச் சேருகிறது என்னும் கேள்விகள் நிதி இலாகாவின் கோப்புகளுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகின்றன. நாள்தோறும் பஸ்ஸிலும் ரயிலிலும் பிரயாணம் செய்கிற பிரஜைகளுக்கு அந்தக் கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் உரிமையும் கடமையும் உண்டு என்ற நம்பிக்கையோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இவ்விஷயத்தில் நம் நாட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. சர்க்கார் நடத்தும் ஸ்தாபனம் எதுவும் நஷ்டத்தில்தான் ஓடும், ஆகையால் தனியாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஒரு சாராரின் கட்சி. தனியாருக்கு லாபம் ஒன்றே குறி, ஆகையால் ஏழைப் பிரயாணியை அவர்களிடம் விட்டுவிடக் கூடாது என்பது மற்றொரு சாராரின் கட்சி. இரு சாராரும் மனப்பூர்வமாகவே பேசுகிறார்கள். இரு சாராரிடத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகத்தின் பெரு நகரங்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் பட்டிருக்கும் அனுபவத்தைப் படித்துப் பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருக்கும் அபிப்பிராயம் வேறு. நகர ரயில் உண்டாக்கும் செல்வத்தில் ஒரு சிறு பகுதிதான் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு வந்து சேருகிறது. பெரும் பகுதி பாதையின் இரு மருங்கிலும் உள்ள நிலத்தின் விலையில் போய்த் தங்கிவிடுகிறது. அந்த நில ஆதாயத்தில் நியாயமான ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதற்கு வழி செய்யாத வரையில், நடத்துகிறவர் சர்க்காராக இருந்தாலும் சரி, கம்பெனியாக இருந்தாலும் சரி, கடனின் பாரம் பிரயாணியின் தலையிலோ பொதுப் பொக்கிஷத்தின் தலையிலோதான் வந்து இறங்கும்.

முதலில் கட்டணத்தின் கதையைப் பார்ப்போம். நியூயார்க் நகரத்தின் சுரங்க ரயில் 1904ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27ஆம் தேதி ஓடத் தொடங்கியது. சுரங்கம் தோண்டுவதற்கான பணத்தை நகரசபை தன் கடன் பத்திரங்களை விற்றுத் திரட்டியது. வண்டிகளை வாங்கி ஓட்டும் பொறுப்பை இன்டர்பரோ என்னும் தனியார் கம்பெனி நீண்ட காலக் குத்தகையாக ஏற்றுக்கொண்டது. பொதுத்துறையும் தனியாரும் கைகோத்த அந்த ஏற்பாட்டில் ஒரு ஷரத்து இருந்தது: கட்டணம் 5 சென்ட், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 5 சென்ட். 1913ஆம் ஆண்டில் நகரசபை இரண்டு கம்பெனிகளோடு செய்துகொண்ட பெரிய ஒப்பந்தங்களிலும் அந்த 5 சென்ட் அப்படியே நீடித்தது. ஆரம்பத்தில் கம்பெனிகள் அதை ஒரு பாதுகாப்பாகவே கருதின. ஏனென்றால் அக்காலத்தில் விலைவாசி ஏறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நகரசபை கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுமோ என்பதுதான் அவர்களுடைய அச்சம். முதல் உலக யுத்தம் வந்தது. நிலக்கரியின் விலையும் இரும்பின் விலையும் தொழிலாளியின் கூலியும் ஏறின. 5 சென்ட் மட்டும் ஏறவில்லை. கட்டணத்தை உயர்த்துவேன் என்று சொல்லி நகரத் தேர்தலில் ஜெயிக்கக் கூடிய மனிதரே இல்லை என்ற நிலைமை உண்டாயிற்று. புரூக்லின் பகுதியில் ஓட்டிவந்த கம்பெனி 1918லும், இன்டர்பரோ கம்பெனி 1932லும் கடன்காரர்களுக்காக நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போயின. 1940ஆம் ஆண்டில் நகரசபையே இரண்டையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. 5 சென்ட் 10 சென்ட் ஆனது 1948ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான்; அப்போது சுரங்க ரயிலுக்கு வயது நாற்பத்து மூன்றுக்கு மேல்.

இந்த 5 சென்ட் கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, ஜனங்கள் கட்டணம் கொடுக்க மறுத்தார்கள், கம்பெனி கெட்டது என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த நாற்பது ஆண்டுகளில் மன்ஹாட்டன் தீவின் வடபகுதியும் பிராங்ஸும் குவீன்ஸும் வெற்று நிலமாக இருந்து வீடுகள் நெருங்கிய ஊர்களாக மாறின. ஐந்து சென்டில் வேலைக்குப் போகலாம் என்ற காரணத்தால் அங்கே மனை வாங்கியவர்கள் ஏராளமானவர்கள். மனை விற்றவர்கள் சம்பாதித்ததைக் கம்பெனியும் சம்பாதிக்கவில்லை, சுரங்கத்துக்காக வாங்கிய கடனைத் தீர்க்கும் கணக்குக்கும் அதில் நேரான பங்கு போகவில்லை. ரயில் வளர்த்த செல்வம் ஒரு பக்கமும் ரயிலின் கடன் மறு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. நோயின் மூலம் அங்கே இருக்கிறது.

நம் சென்னைக்கும் இவ்விதமான ஓர் அனுபவம் உண்டு. இந்தியாவில் முதல் முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னை; ஆண்டு 1895. ஒரு தனியார் கம்பெனி நடத்திய அந்த டிராம், குதிரை வண்டிக்குப் பணம் கொடுக்க முடியாத குமாஸ்தாக்களையும் கூலி வேலைக்காரர்களையும் அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்து திரிந்துவிட்டு, நஷ்டம் தாங்காமல் 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. அதன் தடங்கள் ஓடிய வீதிகளில் கடையும் வீடும் வைத்திருந்தவர்களுக்கு அது கொடுத்த நன்மையை எந்தக் கணக்குப் புத்தகமும் வரவு வைக்கவில்லை.

கட்டணம் போதாது என்பது தெரிந்த பிறகு, தனியார் மூலதனத்தை எப்படி வரவழைப்பது? இதற்கு மிகப் பழைய உபாயம் உத்தரவாதம். 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது, அதை அமைத்த மெட்ராஸ் ரயில்வே கம்பெனி லண்டனில் பங்கு விற்றுப் பணம் சேர்த்த தனியார் கம்பெனி. ஆனால் அந்தப் பங்குதாரர்களுக்கு ரயில் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவிகிதம் வட்டி உண்டு என்று இந்தியாவை ஆண்டவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குறையும் தொகையைக் கொடுத்தது இந்தியப் பொக்கிஷம். அதாவது நிலவரி கட்டிய குடியானவன். செலவைச் சுருக்க வேண்டும் என்ற கவலை கம்பெனிக்கு இருக்க வேண்டிய காரணமே இல்லாமல் போயிற்று. தாதாபாய் நவரோஜி முதலியவர்கள் இந்த ஏற்பாட்டைக் கண்டித்து எழுதியதன் நியாயம் இதுதான்.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2003ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துச் சுரங்க ரயிலின் தடங்களையும் வண்டிகளையும் புதுப்பித்துப் பராமரிக்கும் வேலை 30 ஆண்டுக் காலத்துக்குத் தனியாரிடம் விடப்பட்டது. அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்ட மெட்ரோநெட் என்னும் கம்பெனிக்கு ஐந்து பெரிய ஸ்தாபனங்கள் முதலாளிகள். அந்த ஐந்து ஸ்தாபனங்களும் மெட்ரோநெட் செய்ய வேண்டிய வேலையைத் தங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்துக்கொண்டன. மெட்ரோநெட் வாங்கிய கடனில் 95 சதவிகிதத்துக்குப் பொதுத்துறை உத்தரவாதம் அளித்திருந்தது. ஆகையால் செலவு மிஞ்சியபோது கடன் கொடுத்த பாங்குகளுக்கு அதைத் தட்டிக் கேட்கும் அவசியம் உண்டாகவில்லை. 2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மெட்ரோநெட் திவாலாயிற்று. வரி செலுத்துவோருக்கு ஏற்பட்ட நேரடி நஷ்டம் 17 கோடி பவுனிலிருந்து 41 கோடி பவுன் வரை இருக்கும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. ராயபுரத்துக்கும் லண்டனுக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருந்தும், ஆபத்தைத் தாங்காத மூலதனம் சிக்கனமும் செய்யாது என்ற உண்மை சிறிதும் மாறவில்லை.

இனி ஹைதராபாத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனென்றால் நகர ரயிலைத் தனியார் மூலதனத்தால் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய பரீட்சை அது.

2008ஆம் ஆண்டில் அந்த ரயிலுக்கு ஏலம் கேட்கப்பட்டபோது, இவ்வளவு பணம் சர்க்கார் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்று மற்றவர்கள் கேட்க, மேட்டாஸ் என்னும் கம்பெனியின் தலைமையில் வந்த கூட்டு, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், நாங்கள் சர்க்காருக்கு ஒப்பந்தக் காலத்தில் 30,311 கோடி ரூபாய் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தது. உலகத்தில் எந்த மெட்ரோ ரயிலும் கட்டணத்தைக் கொண்டு இவ்வளவு பெரிய லாபம் ஈட்டியதில்லை. டெல்லி மெட்ரோவை நிர்மாணித்த ஸ்ரீதரன் அவர்கள், இந்தக் கணக்கின் குறி ரயிலில் இல்லை, ரயிலோடு கூடக் கிடைக்கும் நிலத்தில் இருக்கிறது என்ற பொருள்பட மத்திய திட்டக் கமிஷனுக்கு எழுதினார். அன்றைய ஆந்திர ராஜ்ய சர்க்கார் அவர் மீது கோபித்துக்கொண்டது. 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி வெளிப்பட்டு, சத்யத்தை நடத்திய குடும்பத்தினருடைய மேட்டாஸும் தடுமாறவே, அந்த ஒப்பந்தம் ரத்தாயிற்று. தன் தொழிலை அறிந்த ஒரு பொறியாளரின் எச்சரிக்கைக்கு அரசாங்கம் செவி கொடுக்காமல் போனதும், அவர் சொன்னதைக் காலம் நிரூபித்ததும் நாம் மறக்கக் கூடாத விஷயங்கள்.

இரண்டாவது ஏலத்தில் லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனி வேலையை எடுத்துக்கொண்டது. இது சாமானியமான கம்பெனி அல்ல. பெரிய பாலங்களையும் அணு உலைகளின் பாகங்களையும் செய்து பேர் பெற்ற ஸ்தாபனம். உத்தேசச் செலவு 12,132 கோடி ரூபாய். திட்டம் கட்டுப்படியாவதற்கு எவ்வளவு குறைகிறதோ அந்த இடைவெளியை அடைக்க சர்க்கார் கொடுப்பதாக ஒத்துக்கொண்ட தொகை 1,458 கோடி ரூபாய். 35 ஆண்டு நடத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் ஒப்பந்தம். வருமானத்தில் ஏறத்தாழப் பாதி கட்டணத்திலிருந்தும், பாதிக்குக் கொஞ்சம் குறைவானது நிலையங்களை ஒட்டிக் கட்டப்படும் கடைகள், அலுவலகங்கள் முதலியவற்றின் வாடகையிலிருந்தும், மிச்சம் விளம்பரத்திலிருந்தும் வரும் என்று எதிர்பார்த்தார்கள். நிலத்தையும் ரயிலையும் ஒரே கணக்கில் சேர்க்க முயன்ற அளவுக்கு அந்தத் திட்டம் அறிவுடையதாகவே இருந்தது.

ஆனால் நடந்தது என்ன? பாதைக்கான இடம் முழுவதும் கைக்கு வரக் காலதாமதம் ஆயிற்று. ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. வழித்தடத்தை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கைகள் எழுந்தன. பழைய நகரத்துக்குள் போக வேண்டிய 5 கிலோமீட்டர் கட்டப்படாமலே நின்றுவிட்டது. 2017 நவம்பரில் முதல் பகுதியும் 2020 பிப்ரவரியில் கடைசிப் பகுதியும் திறக்கப்பட்டு, 69 கிலோமீட்டர் முழுவதும் ஓடத் தொடங்கிய அடுத்த மாதமே கொரோனாத் தொற்று வந்து ஐந்து மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்திவைத்தது. அலுவலக ஊழியர்கள் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பழக்கம் அதன்பின் ஏற்பட்டது. 2023 டிசம்பரில் ராஜ்ய சர்க்கார் பெண்களுக்குப் பஸ் பிரயாணத்தை இலவசமாக்கிற்று. அதனால் தங்கள் பிரயாணிகள் குறைகிறார்கள் என்று கம்பெனி முறையிட்டது.

இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஒரு பெண் கையில் காசில்லாமலேயே வேலைக்குப் போய்வர முடிகிறது என்பது எந்த நகரத்துக்கும் பெருமை. அந்தப் பெருமையே, கட்டணத்தை நம்பிக் கடன் வாங்கிய ஒரு ரயில் கம்பெனிக்கு நஷ்டமாகத் தோன்றுகிறது. குற்றம் கம்பெனியுடையதும் அல்ல, சர்க்காருடையதும் அல்ல. ஒரே நகரத்தின் பஸ்ஸையும் ரயிலையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்திய ஏற்பாட்டின் குற்றம் அது. நகரத்துக்கு நல்லதாகப்படும் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன், ஒரு கம்பெனியின் வட்டிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமையில் ஒரு ராஜ்யத்தை வைப்பது நல்ல ஒப்பந்தம் ஆகாது.

நாளொன்றுக்கு ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் ஏறி இறங்கியும் அந்தக் கம்பெனியால் வட்டிச் சுமையை மீற முடியவில்லை. 2025 மே மாதத்தில் கட்டணத்தை உயர்த்திப் பார்த்தார்கள். ஜனங்களின் அதிருப்தியைக் கண்டு உடனே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், ஏறக்குறைய 13,000 கோடி ரூபாய்க் கடனை ராஜ்ய சர்க்கார் ஏற்றுக்கொண்டு, பங்கு மூலதனத்துக்காக 2,000 கோடி ரூபாய் அளவில் கொடுத்து, அந்த ரயிலைத் தானே எடுத்துக்கொள்வது என்று கொள்கை அளவில் உடன்பாடு ஆயிற்று. 35 ஆண்டு நடத்த வந்தவர்கள் கடைசிப் பகுதி திறந்த ஆறாவது ஆண்டுக்குள் விலகிக்கொள்ள நேர்ந்தது.

இதற்கு நான் காணும் காரணம் நிலக் கணக்கின் குறை. கம்பெனிக்குக் கொடுத்த நிலத்தில் பஞ்சாகுட்டாவிலும் எர்ரமஞ்சிலிலும் ஹைடெக் சிட்டியிலும் வணிக வளாகங்கள் எழுந்தன. ஆனால் உத்தேசித்த கட்டடங்களில் பெரும் பகுதி காலத்தில் எழவில்லை. இதற்கிடையில் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது என்று விளம்பரம் செய்து மியாப்பூரிலிருந்து எல்.பி. நகர் வரையில் மனையும் அடுக்கு வீடும் விற்றவர்கள் எத்தனையோ பேர். அந்நகரத்தின் நில விலை ஏறியதற்கு ரயில் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கணிப்பொறித் தொழிலும் வெளிவட்டச் சாலையும் பெரிய காரணங்கள். ஆயினும் ரயிலால் ஏறிய பங்கு எவ்வளவாக இருந்தாலும், கம்பெனியின் கையில் இருந்த சில நூறு ஏக்கரைத் தவிர மற்ற இடங்களின் ஏற்றம் முழுவதும் நிலச் சொந்தக்காரர்களிடமே தங்கியது. கடன் மட்டும் பொதுவாயிற்று.

நிலத்தையும் ரயிலையும் ஒரே கணக்கில் வைத்து வெற்றி கண்ட நகரம் ஹாங்காங். அங்கே 1975ஆம் ஆண்டில் சர்க்காரே ஒரு ரயில் ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, 1979ல் முதல் பாதையைத் திறந்தது. புதிய பாதை ஒன்று தீர்மானமானவுடன், அதன் நிலையங்களின் மேலும் பணிமனைகளின் மேலும் கட்டடம் கட்டும் உரிமையை, ரயில் வராவிட்டால் அந்த நிலம் என்ன விலை பெறுமோ அந்த விலைக்கு சர்க்கார் அந்த ஸ்தாபனத்துக்குக் கொடுக்கிறது. ரயில் வந்தபின் பெறும் விலைக்கு அங்கே வீடுகளும் அலுவலகங்களும் எழும்புகின்றன. கட்டும் செலவையும் அதன் ஆபத்தையும் தனியார் கட்டட முதலாளிகள் ஏற்கிறார்கள்; லாபத்தில் ரயில் ஸ்தாபனத்துக்குப் பங்கு வருகிறது. முன் விலைக்கும் பின் விலைக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த பாதைக்கு மூலதனமாகிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்தாபனத்தின் பங்குகளைச் சந்தையில் விற்றபோதும், ஏறத்தாழ முக்கால் பங்கை சர்க்கார் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே, பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஆதாயத்திலும் பெரும் பகுதி மீண்டும் பொதுப் பொக்கிஷத்துக்கே வருகிறது.

இதைக் கேட்டவுடன் நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. ஹாங்காங்கில் நிலம் ஏறக்குறைய முழுவதும் சர்க்காருடையது. தனி மனிதர்கள் குத்தகைக்காரர்களே. நம் நகரங்களில் ஒரு நிலையத்துக்கு வேண்டிய கால் ஏக்கரை எடுப்பதற்கே வருஷக்கணக்கில் வழக்கு நடக்கிறது. மேலும் நில விலை உயர்ந்தால்தான் ரயிலுக்கும் பொக்கிஷத்துக்கும் வருமானம் என்ற நிலைமையில், விலை இறங்குவதை விரும்பக் கூடியவர் ஆட்சியில் யாரும் இருக்க மாட்டார்கள். ஹாங்காங்கில் சாமானியக் குடும்பம் ஒன்று வீடு வாங்குவது எவ்வளவு கடினம் என்பது உலகம் அறிந்தது. அந்த முறையின் தத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம். முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது.

தனியார் துறையிலும் இதே தத்துவத்தைக் கண்டறிந்தவர்கள் உண்டு. ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகே 1910ஆம் ஆண்டில் ஒரு சிறு மின்சார ரயிலை நடத்திய கோபயாஷி இச்சிசோ என்பவர், பாதை போடுவதற்கு முன்பே அதன் ஓரத்து நிலத்தை வாங்கி, இக்கேதாவில் வீடு கட்டி மாதத் தவணையில் சம்பளக்காரர்களுக்கு விற்றார். பாதையின் கோடியில் நாடகசாலையும், நகரத்து முனையில் பெரிய அங்காடியும் அமைத்தார். ஹான்க்யூ என்ற பெயரில் அந்த ஸ்தாபனம் இன்றும் நன்றாக நடக்கிறது.

பாரிஸ் நகரம் வேறு வழியைக் கண்டது. நல்ல போக்குவரத்தினால் தொழிலாளர்கள் நேரத்துக்கு வந்து சேருகிறார்கள் என்றால் அதன் பயன் முதலாளிக்கும்தானே என்ற நியாயத்தை வைத்து, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், ஓரளவுக்கு மேல் ஆட்களை வைத்துத் தொழில் நடத்துவோர் தாங்கள் கொடுக்கும் சம்பளத் தொகையில் ஒரு சிறு பங்கைப் போக்குவரத்துக்கென்று கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். இன்று நகரத்தின் மையத்தில் அது 3 சதவிகித அளவில் இருக்கிறது. ரயிலையும் பஸ்ஸையும் ஓட்டும் செலவில் மிகப் பெரிய பங்கு அதிலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் தவறாமல் வருகிற வருமானம் என்பதால் அதை நம்பிக் கடனும் வாங்கலாம். பட்ஜெட் போடும் அமைச்சரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சென்னைக்கு வருவோம். நம் மெட்ரோ ரயிலின் முதல் கட்டம், 45 கிலோமீட்டர், ஆரம்ப மதிப்பு 14,600 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் ஜப்பானிய சர்க்காரின் உதவி ஸ்தாபனம் குறைந்த வட்டியில் நீண்ட தவணையில் கொடுத்த கடன். மிச்சத்தை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் ஏற்றன. தனியாரின் ஆபத்தான மூலதனம் இல்லாத இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். வட்டி குறைவு, ஹைதராபாத்துக்கு நேர்ந்த நெருக்கடி நமக்கு நேரவில்லை. ஆனால் யென் நாணயத்தில் வாங்கிய கடனை ரூபாயில் சம்பாதித்துத் தீர்க்க வேண்டும்; நாணய மாற்றின் ஏற்றத்தாழ்வும் நம் பொறுப்பு. இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர், செலவு 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கும் போகும் இந்தப் பாதைகளுக்கு மத்திய மந்திரிசபை 2024 அக்டோபரில்தான் அங்கீகாரம் கொடுத்தது. அதுவரை பாரத்தின் பெரும் பகுதியை மாநிலமே சுமந்தது. ஜப்பானியக் கடனோடு ஆசிய அபிவிருத்தி வங்கி முதலிய பன்னாட்டு வங்கிகளின் கடனும் இதில் சேர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலத்திலும் தீர்ந்திராத கடன் இது.

அதே பாதையோரத்தில் என்ன நடக்கிறது? பழைய மகாபலிபுரம் சாலையிலும் போரூரிலும் வரப்போகும் நிலையத்தின் பெயரைச் சொல்லியே மனைக்கு விலை கூறுகிறார்கள். இந்த ஏற்றத்தில் பொதுவுக்குப் பங்கு கேட்பது புதுமையான கொள்கை என்றோ, வெளிநாட்டுக் கொள்கை என்றோ நினைக்க வேண்டாம். 1920ஆம் ஆண்டில் இயற்றிய சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே, நகரமைப்புத் திட்டத்தால் மதிப்பு உயர்ந்த நிலத்தின் சொந்தக்காரரிடம் அபிவிருத்தித் தொகை வசூலிக்க இடம் வைத்திருந்தார்கள். நூறு ஆண்டுக்கு முன்பே அந்த நியாயம் நம் சட்டத்தில் இருந்தது, மனத்தில்தான் இல்லை. மகாராஷ்டிரத்தில் மும்பை, புனே, நாக்பூர் நகரங்களில் சொத்து கைமாறும்போது முத்திரைக் கட்டணத்தோடு 1 சதவிகிதம் மெட்ரோவுக்கென்று சேர்த்து வாங்குகிறார்கள். தொடக்கம் நல்லது, எனினும் ரயில் பாதையின் அருகே மனை வைத்திருப்பவரும், ரயிலே காணாத மூலையில் சிறு வீடு வாங்குபவரும் ஒரே சதவிகிதம் கொடுப்பது நியாயத்துக்குப் பொருந்தவில்லை. நிலையத்திலிருந்து இத்தனை தூரத்துக்குள், இத்தனை பரப்புக்கு மேல் உள்ள வணிக நிலங்களுக்கு என்று வரையறுத்தால்தான் பயன் பெற்றவர் கொடுத்தவராவார். அங்கே பரம்பரையாக ஓட்டு வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தை இந்தத் தொகைக்காக வீட்டை விற்க வைக்கக் கூடாது. விற்கும்போதோ, இடித்து அடுக்கு மாடி கட்டும்போதோ வாங்கிக்கொண்டால் போதும்.

தனியார் துறைக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூன் முதல் ஓடும் மின்சார பஸ்கள் அதற்கு உதாரணம். வண்டியை வாங்கி, ஓட்டுநரை வைத்து, பழுது பார்த்து ஓட்டுவது தனியார். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாநகர் போக்குவரத்துக் கழகம் கொடுத்துவிடுகிறது. டிக்கெட் வசூலும் வழித்தடமும் கட்டணமும் கழகத்தின் கையில். வண்டியை நன்றாக வைத்திருப்பது தனியார் முதலாளியால் முடிந்த காரியம். அதன் லாப நஷ்டம் அவருடையது. எத்தனை பேர் ஏறுவார்கள், பெண்களுக்கு இலவசமா, எந்தக் குடியிருப்புக்கு வண்டி போக வேண்டும் என்பவை நகரம் தீர்மானிக்க வேண்டியவை. அவற்றின் பாரமும் நகரத்தினுடையது. யாருக்கு எதைத் தாங்கும் சக்தி இருக்கிறதோ அதை அவரிடம் விடும் ஒப்பந்தமே நிலைத்து நிற்கும்.

இன்னொன்றையும் மனம் வருந்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெட்ரோவில் ஏறுவோர் நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேர் அளவில் என்றால், மாநகர பஸ்களில் ஏறுவோர் அதைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. மெட்ரோவுக்குக் கடன் கொடுக்கப் பன்னாட்டு வங்கிகள் வரிசையில் நிற்கின்றன. பஸ்ஸுக்கோ, பெரும்பாலும் ஆண்டுதோறும் நஷ்டம் என்ற பெயரில் ஒரு பழிச்சொல்தான் கிடைக்கிறது. நகரத்தின் ஏழைகள் எந்த வண்டியில் போகிறார்களோ அந்த வண்டியின் துண்டை நஷ்டம் என்றும், மற்றதன் துண்டை முதலீடு என்றும் எழுதுகிற கணக்கு முறையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதையோர நிலத்திலிருந்து ஒரு ரூபாய் வருமானால், அதில் ஒரு பங்கு பஸ்ஸுக்கும் போக வேண்டும்.

இரண்டாம் கட்டத்தின் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படப் போகின்றன. திறந்த பிறகு நில ஆதாயத்தில் பங்கு கேட்டால், விற்றவர்கள் விற்றுப் போயிருப்பார்கள். வாங்கியவர்களிடம் கேட்பது அநியாயமாகிவிடும். ஆகையால் செய்ய வேண்டியதை இப்போதே செய்ய வேண்டும். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும், பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும், உங்கள் வட்டத்து மாமன்ற உறுப்பினருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள்: உங்கள் நிலையத்தைச் சுற்றிய நிலத்தின் வழிகாட்டி மதிப்பு, வேலை தொடங்கிய ஆண்டில் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள், அந்த ஏற்றத்தில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், பதில் வரும் வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள்.